முதலில் ஒரு சொம்பு தண்ணி

அந்த அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் அவர் கும்பிட்ட சாமி எது என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், மீதிப் பேர் சாதி என்னவாக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்கப்புறம் நான் சொல்வதைக் கேட்க ஆளிருக்காது. சாமி விஷயம் பின்னால் எப்படியும் வெளியே வரும். வரும்போது வரட்டும். அதுவரைக்கும் அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

நல்லம்பள்ளி போகிற வழியில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பட்டா நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் உண்டு. போட்டோ எடுக்கும் தொழிலில் எனக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பலரும் கேமராவுக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டார்கள். "சிரிங்க" என்றால் கண்ணால் சிரிப்பார்கள். ஃப்ளோரைடு கலந்த போர்த் தண்ணீரை, அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பல். பழுப்பும் மஞ்சளுமாகக் காவி ஏறியிருக்கும், எந்தப் பற்பொடிக்கும் போகாது. வெளியூர்க்காரர்கள் வெற்றிலை என்று நினைப்பார்கள்.

அக்காவுக்கும் அந்தப் பல்தான். ஆனால் அவரால் சிரிக்காமல் இருக்க முடியாது. எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும், வந்த வேகத்தில் முந்தானை வாய்க்குப் போய்விடும். குண்டுமல்லி பறிக்கிற கை. பக்கத்தில் நின்றால் சிரிப்பும் பூ வாசமும் சேர்ந்துதான் வரும்.

அவர் மகளைப் பெண் பார்க்க ஒரு தடவை வெளிமாவட்டத்திலிருந்து வந்தார்கள். நல்ல இடம். கேசரி சாப்பிட்டு, காப்பி குடித்து, எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அத்தை மெதுவாகச் சொன்னாராம், "பொண்ண ஒரு தடவ சிரிக்கச் சொல்லுங்க." அந்தப் பிள்ளை சிரித்தது. அதற்கப்புறம் அவர்களிடமிருந்து போன் வரவில்லை. இதை என்னிடம் சொன்னபோதுதான் அக்கா சிரிக்காமல் ஒன்றைச் சொல்லி முதன்முதலில் பார்த்தேன். பிறகு மகளுக்கு உள்ளூரிலேயே கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஓசூர் கம்பெனியில் வேலைக்குப் போனதால் மகள் பிரசவத்துக்கு வந்தவள் தாய் வீட்டோடு தங்கிவிட்டாள். பேரன் பிறந்தான்.

இப்போது அக்காவின் முக்கியமான குணத்துக்கு வருகிறேன். யாராவது அவரைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் பூ மூட்டையை மார்க்கெட் வண்டியில் ஏற்றிவிட்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். உள்ளே எட்டிப் பார்த்து, "குடிக்க கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். நலம் விசாரிப்பதுகூட அதற்கப்புறம்தான்.

எங்கள் பக்கத்தில் பகை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம், "அவுங்க வூட்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டோம்." பங்காளிகளுக்குள் அப்படித் தலைமுறை தலைமுறையாகக் குடிக்காமல் இருக்கிறவர்கள் உண்டு. அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். "சண்டைக்கு வந்தவங்க தண்ணி கேப்பாங்களா தம்பி? கேட்டு வாங்கிக் குடிச்சிட்டா அப்பறம் என்னாலயும் கத்த முடியாது, அவங்களாலயும் கத்த முடியாது. பேசித்தான் ஆவணும்" என்பார்.

ஒரு தடவை பக்கத்துக் காட்டுக்காரரின் மாடு அக்காவின் செடிகளை மேய்ந்துவிட்டது. அவர் மாட்டைக் கட்டாமல் அக்காவைத் திட்டினார், வேலி போடத் துப்பில்லை என்று. மறுநாள் காலையில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் மனிதர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அக்கா தண்ணீர் குடித்தார். காத்திருந்தார். அவர் மனைவியோடு சேர்ந்து அவரைக்காய் அரிந்து கொடுத்தார். உள்ளே இருந்தவர் எவ்வளவு நேரம்தான் குளிப்பார்? கடைசியில் துண்டோடு வெளியே வந்து, "வேலிக்குப் பாதி ஆளு கூலி நான் தர்றனுங்க, கெளம்புங்க" என்றார். இதை நான் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எல்லோருக்கும் இது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அக்கா ஒரு விஷயத்தைப் பிடித்தால் உடும்புப் பிடி. சீரியல் ஓடிக்கொண்டிருந்தால் அவரே எழுந்து போய் டிவியை அணைத்துவிடுவார். "காலங்காத்தால வந்து உசுர வாங்குது" என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள்.

இந்த நிலையில்தான் ஊருக்கு வாட்ஸப் குரூப் வந்தது. தொடங்கியவன் நான். கரண்ட் எப்போது போகும், டவுன் பஸ் வருமா, யார் வீட்டில் சாவு, ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா, இவ்வளவுதான் நோக்கம். கொஞ்ச நாள் அப்படித்தான் நடந்தது. ஒரு தேர்தல் வந்தது. அதற்கப்புறம் யார் எதைக் கேட்டாலும் கேட்டவர் யாருடைய ஆள் என்பதுதான் பதிலாக வந்தது. ஒருவர் டவுன் பஸ் ஏன் நின்றுவிட்டது என்று கேட்டார். ஒருத்தன் அவரைச் சங்கி என்றான், இன்னொருத்தன் உபி என்றான், மூன்றாவது ஒருத்தன் ஒருபடி மேலே போய் தேசத் துரோகி என்றான். அவர் பாவம், ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் வேண்டும் என்று கேட்டவர். குரூப்பை விட்டே போய்விட்டார். பஸ் என்னவாயிற்று என்று யாரும் அப்புறம் பேசவில்லை.

சங்கி, உபி, தும்பி, அடிமை, எல்லாம் ஒரு கட்சிக்காரனை இன்னொரு கட்சிக்காரன் கூப்பிடுகிற வசை. இந்த மாதிரி ஒரு சொல் விழுந்துவிட்டால் போதும், பேச்சு அங்கேயே படுத்துவிடும். சொன்னவனுக்கு ஜெயித்த திருப்தி. கேட்டவனுக்கு வாயடைத்துப் போகும். கேட்ட விஷயம் தெருவில் கிடக்கும். நான் அட்மின் என்று பெயர். சாவு வீட்டில் பந்தல் போட்டவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளின் பழைய போனோடு அக்காவும் குரூப்புக்குள் வந்தார். டைப் அடிக்க வராது, எல்லாம் குரலில்தான். முதல் பதிவு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பின்னால் சேவல் கூவ, பேரன் சிணுங்க, அக்காவின் குரல்: "எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம டேங்குல ஏறுறது ஒகேனக்கல் ஆத்துத் தண்ணியா, பழைய போர்த் தண்ணியா? ஒரு நா ஒரு ருசி, மறுநா ஒரு ருசியா இருக்குது. சின்னப் புள்ளைங்க குடிக்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க."

அவ்வளவுதான். இதில் கட்சி எங்கே இருக்கிறது? ஆனால் ஆற்றுத் தண்ணீர்த் திட்டத்தை நாங்கள்தான் கொண்டுவந்தோம் என்று ஒரு பக்கம் சொல்லும், இல்லை நாங்கள்தான் என்று இன்னொரு பக்கம் சொல்லும். தண்ணீரைப் பற்றிக் கேட்டாலே ஒருவருக்கு வலிக்கும். பிளக்ஸ் போர்டு கடை வைத்திருப்பவர் காலையிலேயே அக்காவைச் சங்கி என்று எழுதினார். சாயங்காலம் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், எதிர்ப்பக்கம், உபி என்று எழுதினார்.

அக்கா கடைக்கு வந்தார். "தம்பி, காலையில நான் ஒண்ணா இருந்தனாம், பொழுது சாயறதுக்குள்ள வேற ஒண்ணா ஆயிட்டனாம். என்னா இது?"

ஒவ்வொன்றும் யாரைச் சொல்வது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். முந்தானை வாய்க்குப் போனது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார், "சரி. இதுல தண்ணி எங்க வருது?"

மறுநாள் காலையில் பிளக்ஸ் கடைக்காரர் வீட்டு வாசலில் செருப்பு கிடந்தது. என்ன நடந்தது என்பதைப் பிறகு இரண்டு பேருமே என்னிடம் சொன்னார்கள், பெரிய வித்தியாசம் இல்லாமல்.

"இந்தத் திட்டத்தக் கொண்டாந்தது யாருங்க?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

"நீங்கதாங்க."

"அப்பறம் எதுக்கு கொற சொல்றீங்க?"

"கொற எங்க சொன்னன்? சோத்துல உப்பு இருக்குதான்னு கேட்டா, ஆக்கினவங்கள வெய்யறதா ஆயிடுமா?"

அதற்குள் கடைக்காரரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா ஒரு மடக்கு குடித்துப் பார்த்தார். "தண்ணி நல்லா இருக்குதே. எந்தக் கொழாயில புடிச்சது?"

"கேன் தண்ணிங்கக்கா" என்றார் மனைவி, கள்ளமில்லாமல். கூடத்து மூலையில் நீலக் கேன் தலைகீழாக நின்றது.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அது ருசிக்குங்க."

"ருசிக்கா? சரிங்க" என்று அக்கா சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்தது வாத்தியார் வீடு. அங்கே கேன் இல்லை, சமையலறைச் சுவரில் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் மாட்டியிருந்தது. வாத்தியார் நாட்டு நடப்பு முழுவதையும் விளக்கினார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "எல்லாஞ் சரிங்க சார். இந்த மெஷினு எதுக்கு?" என்று கேட்டார். டாக்டர் சொன்னார், வயசாகிவிட்டது, மூட்டு வலி என்று வாத்தியார் ஏதேதோ சொல்லியிருக்கிறார். "உங்களுக்கு டாக்டர் சொல்லிட்டாரு. எங்களுக்கு யாரு சொல்லுவாங்க சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா எழுந்துவிட்டார்.

எனக்கு ஒரே குஷி. "அக்கா, இத அப்படியே குரூப்புல போட்டு வுடுங்க. ரெண்டு பேரு வாயும் மூடிக்கும்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாய மூடறதுக்கா போனன்? வாயத் தொறந்து பேசணும்னுதான போனன்?"

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பேச்சுதான். கையில் ஆயுதம் கிடைத்த பிறகு அதை எடுக்காமல் இருப்பது எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் வரவில்லை. எனக்குச் சத்தியமாக வராது.

அவர் விடாமல் வாரத்துக்கொரு தடவை அதே கேள்வியைக் குரலில் போட்டுக்கொண்டிருந்தார். பேரனுக்கு நடை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்சம்மா ஒருவர், இந்த வயதில் குடிக்கிற தண்ணீர்தான் பின்னால் முளைக்கிற பல்லில் தெரியும் என்று சொல்லியிருந்தார். கேன் வாங்கலாமே என்று கேட்டேன். "என் பேரனுக்கு வாங்கிருவன். தெருவுல மத்த புள்ளைங்க?" என்றார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பெங்களூரில் கம்பெனி வேலையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், அக்காவின் குரல் பதிவுக்கு அடியில் ஓர் அரிசி மூட்டையின் படத்தைப் போட்டு, 'எத்தனை மூட்டை வாங்குன?' என்று எழுதியிருந்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அரிசிக்காக மதம் மாறியவர்கள் என்று கிறிஸ்தவர்களைக் கேவலப்படுத்துகிற பேச்சு அது. அக்காவின் குடும்பம் அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து மாதா கோயிலுக்குப் போகிறது. எங்கள் ஊரில் அது யாருக்கும் ஒரு செய்தியே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு முறுக்கு எங்கள் வீட்டுக்கு வரும், மாரியம்மன் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக் கொழுக்கட்டை அங்கே போகும். அந்தப் பையனின் அம்மாவும் அக்காவும் சிறு வயதிலிருந்து ஒரே வரிசையில் பூப்பறிப்பவர்கள். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொண்டு பறித்தார்கள். அக்கா ஊட்டிய சோறு அவன் உடம்பில் இன்னும் இருக்கும். எனக்கு அன்று வந்த கோபம் இன்றுவரை முழுசாக அடங்கவில்லை.

படத்தை அழித்தேன். அவனைக் குரூப்பிலிருந்து தூக்கினேன். மாதா கோயில் பையன்கள் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம் என்று கிளம்பினார்கள். அக்கா அவர்களைத் தடுத்துவிட்டு என் கடைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அவன திருப்பிச் சேத்து வுடு தம்பி."

"என்னாக்கா பேசறீங்க? அவன் சொன்னது என்னான்னு தெரியுமா?"

"தெரியும். அவன எடுத்துட்டா நான் யாருகிட்ட கேக்கறது?"

சேர்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் அதற்கப்புறம் அக்காவின் குரல் குரூப்பில் வரவில்லை. கடைப்பக்கமும் வரவில்லை. தினமும் விடியற்காலையில் அவன் அம்மாவோடு பூப்பறிக்கப் போனார். அந்தம்மாவிடம் இருந்தது பட்டன் போன், அவருக்கு ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. அக்காவும் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்துச் செடியில் நின்றுகொண்டு அதை மனசுக்குள் வைத்திருந்தாரே, அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

ஆடிப் பதினெட்டுக்குப் பையன் வந்தான். மனைவி, பல் முளைக்கிற பருவத்தில் ஒரு பெண் குழந்தை. ஒகேனக்கல்லில் குளித்துவிட்டு மறுநாள் வீட்டில் இருந்தார்கள். காலையில் அக்கா என் கடைக்கு வந்து நின்றார். "நீயும் கூட வா தம்பி. எனக்கு ஒரு மாதிரியா இருக்குது" என்றார். எத்தனையோ வாசலுக்குத் தனியாகப் போனவர், துணைக்கு ஆள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வாசலில் செருப்பைக் கழற்றினார். "குடிக்க கொஞ்சம் தண்ணி குடுங்க."

அவன் அம்மா உள்ளேயிருந்து சிரித்தார். "என்னாடி புதுசா வெளிய நின்னுகிட்டு கேக்கற? உள்ள வந்து மொண்டு குடி."

"இல்லடி. நீயே குடு."

அந்தம்மா கேனைச் சாய்த்துச் சொம்பில் ஊற்றிக் கொண்டுவந்தார். அக்கா வாசல் படியில் உட்கார்ந்தார், குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டார். "நீ கேன் தண்ணி வாங்குனதே கெடையாதே."

"எனக்கா? பேத்திக்குடி. பல்லு மொளைக்குது பாரு. கொழாத் தண்ணிய பாப்பா வாயில வெக்கக் கூடாதுன்னு போன்லயே சொல்லிட்டான். அவங்க வர்றதுக்கு முன்னாடியே கேன் போடச் சொல்லி ஆளு அனுப்புனான்."

பையன் அறையிலிருந்து வெளியே வந்தான். எங்களைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அக்கா எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"வா சாமி. நீ என்னய ஒண்ணு சொன்ன. வலிச்சுது. அத அப்பறம் பேசிக்கலாம். இப்ப இதுக்கு மட்டும் பதிலு சொல்லு. உம் புள்ளைக்கு ஆவாத தண்ணி எம் பேரனுக்கு ஆவுமா?"

அவன் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னாடி சொன்னான் உன்ன?"

"அது எங்களுக்குள்ள. நீ போய் பாப்பாவப் பாரு."

 பையன் மன்னிப்புக் கேட்கவில்லை. காதுமடல் சிவந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு எழுந்தார்.  எங்கள் கடை முக்கு வந்ததும் அழுதார். நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, பெங்களூர் போய்ச் சேர்ந்த பிறகு, பையன் குரூப்பில் எழுதினான்: 'எங்க வூட்லயும் கேன் தண்ணிதான். டேங்கு தண்ணிய டெஸ்ட் பண்ணணும்னு அக்கா கேக்கறது கரெக்ட்.' அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவன் கட்சிப் பக்கத்து ஆளே ஒருவர், டிராக்டர் வைத்திருப்பவர், அதே அரிசி மூட்டைப் படத்தை எடுத்து அவனுக்குப் போட்டார். 'உனக்கு எத்தனை மூட்டை?'

மறுநாள் காலையில் டிராக்டர்க்காரர் வீட்டு வாசலில் அக்காவின் செருப்பு கிடந்தது. "அந்தப் பையன எதுக்குங்க அப்படி சொன்னீங்க? அவன் தண்ணியப் பத்தித்தான பேசுனான்?" என்று கேட்டாராம். முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அக்காவின் காலில் விழலாம் போல இருந்தது. விழவில்லை. "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கிண்டல் செய்தேன்.

அந்த மாதமே சுதந்திர தினத்தன்று கிராம சபை. அக்கா எழுந்து கேள்வியைக் கேட்டார். வழக்கம்போல் யாரோ பின்னாலிருந்து, "இது எந்தக் கட்சிக் கேள்வி?" என்று குரல் விட்டார்கள். அப்போது பிளக்ஸ் கடைக்காரர் எழுந்து நின்றதை நான் எதிர்பார்க்கவில்லை. "கட்சி இருக்கட்டும்பா. எங்க வூட்ல நாங்க கேன்தான் குடிக்கறோம். சொல்லிட்டுப் போலாம்" என்றார். அவர் உட்கார்வதற்குள் வாத்தியார், "எங்க வூட்ல மெஷின்" என்றார். பிறகு ஒவ்வொரு வீடாக வெளியே வந்தது. பாதி ஊர் கேனில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, ஒருவருக்கொருவர் சொல்லாமல்.

அதிகாரிகள் வந்து டேங்குத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வரச் சில மாதங்கள் இழுத்தது, அக்கா அதற்கும் நடந்தார். ஆற்றுத் தண்ணீர் குறைகிற நாட்களில் ஆபரேட்டர் பழைய போரைத் திறந்து அதே டேங்கில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஊர் தண்ணீரில்லாமல் கத்துமே என்று நல்லெண்ணத்தில் செய்தது. போர்த் தண்ணீர் குடிக்க ஆகாது என்று வந்தது. அதைத் தனியாகப் பிரித்து மாட்டுத் தொட்டிக்கும் துணி துவைக்கிற இடத்துக்கும் விட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் குடிநீருக்கு லாரி.

உடனே இரண்டு கட்சிக்காரர்களும் நாங்கள்தான் செய்தோம் என்று பிளக்ஸ் வைத்தார்கள். இரண்டையும் அடித்துக் கொடுத்தது நம் கடைக்காரர்தான். அக்கா இரண்டுக்கும் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். முந்தானை வாயிலிருந்து இறங்க வெகு நேரமானது.

குரூப் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்குக் காலையில்கூட ஒருத்தன் இன்னொருத்தனைக் கொத்தடிமை என்றான். என்ன, அதற்கு அடியில் யாராவது, 'வூட்ல தண்ணி ரெடியா வைப்பா' என்று எழுதுவார்கள். சில சமயம் அதோடு நிற்கும், சில சமயம் நிற்காது.

போன தை மாதத்துக்கு முன்னால் அக்கா இறந்துவிட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குரூப்பில் எல்லாப் பக்கத்துக்காரர்களும் ஆழ்ந்த இரங்கல் என்று எழுதினார்கள். அன்று ஒருநாள் மட்டும் யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை.

அடக்கத்துக்குப் பெங்களூர்ப் பையனால் வர முடியவில்லை. அடுத்த வாரம் துக்கம் கேட்க வந்தான். அக்காவின் மகளிடம் இறப்புச் சான்றிதழைக் கொடுக்க நானும் போயிருந்தேன். அவன் வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே வரவில்லை. 

"குடிக்க கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றான்.

மகள் உள்ளே போய்ச் சொம்போடு வந்தாள். "கொழாத் தண்ணிதாங்கண்ணா."

"அதான் வேணும்" என்றவன் சொம்பை வாங்காமலே பேச ஆரம்பித்தான்.  "அத அப்பறம் பேசிக்கலாம்னு சொன்னாங்க. ஒவ்வொரு தடவ ஊருக்கு வர்றப்பவும் இந்த முக்கு வரைக்கும் வருவன். அதுக்கு மேல காலு வராது. திரும்பிப் போயிருவன். அவங்க கேக்கவே இல்ல. நானும் சொல்லவே இல்ல."

"தெரியுங்கண்ணா. அம்மா சன்னல்ல பாக்கும். 'வர்றான்டி, தண்ணி மொண்டு வை'ன்னு சொல்லும். நானும் மொண்டு வெப்பன். நீங்க போயிருவீங்க. அப்பறம் அந்தத் தண்ணியச் செடிக்கு ஊத்திருவன்."

வாசலோரத்தில் ஒரு குண்டுமல்லிச் செடி இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தான். அழுதுகொண்டே குடித்ததால் பாதித் தண்ணீர் வாய்க்குப் போகாமல் கழுத்தில் வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது.

அக்காவின் பேரன் படியில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். பெரிய ஆள் ஒருவர் தண்ணீர் குடிக்கத் தெரியாமல் நனைவதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால்பல் விழுந்து முன்பற்கள் இரண்டும் புதிதாகப் பாதி முளைத்திருந்தன. வெள்ளையாக இருந்தன. கையை வாய்க்குக் கொண்டுபோகாமல், அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது பிள்ளை.